ஒருவர் போதாது: திண்டிவனம் முதல் முண்டியம்பாக்கம் வரை பெண் மருத்துவர்கள்

தமிழ்நாட்டுப் பெண் மருத்துவர்களின் வரலாறு பெரும்பாலும் ‘முதல் பெண்’ என்ற அடைமொழியோடு எழுதப்படுகிறது. முதல் மாணவி, முதல் பட்டதாரி, முதல் அறுவை மருத்துவர் என்று பெயர்கள் அடுக்கப்படுவதும், பிறந்தநாள் விழாக்களில் அந்தப் பெயர்களே மீண்டும் சொல்லப்படுவதும் வழக்கமாகிவிட்டன. அந்தப் பெருமை உரியவர்களுக்கு உரியதே. ஆனால் பிரசவ வலியோடு நள்ளிரவில் மருத்துவமனைக்கு வரும் ஒரு பெண்ணின் உயிர், முதலாவதாகப் படித்த ஒருவரால் மட்டும் காப்பாற்றப்படுவதில்லை. அவருக்குப் பின் வந்த நூறாவது மருத்துவரும், அவரோடு நிற்கும் செவிலியரும், அவர்களைப் பயிற்றுவித்த ஆசிரியர்களும், அவர்கள் பணியாற்ற வழிசெய்த சங்கங்களும் சேர்ந்தே அந்த உயிரைக் காக்கின்றன. இந்த உண்மையை மிகத் தெளிவாகக் காட்டும் வரலாறு ஒன்று, இன்றைய விழுப்புரம் மாவட்டத்திலுள்ள திண்டிவனத்தில் தொடங்குகிறது.

சென்னையில் திறந்த கதவு

19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை தமிழகத்துப் பிரசவங்களில் மிகப் பெரும்பாலானவை வீட்டிலேயே நடந்தன. அவற்றைப் பார்த்தவர்கள் மருத்துவச்சிகள். பல ஊர்களில் இது நாவிதர் சமூகப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த பணி. இயல்பான பிரசவத்தை அவர்கள் அனுபவத்தால் கையாண்டார்கள். குழந்தை குறுக்கே கிடந்து வெளிவர முடியாமல் போகும்போதும், பேறு முடிந்தபின் இரத்தப்போக்கு நிற்காதபோதும், கிருமித் தொற்றால் காய்ச்சல் கண்டபோதும், வலிப்பு வந்தபோதும் அறுவைச் சிகிச்சையும் மருந்தும் தேவைப்பட்டன. அவற்றை அறிந்தவர்களோ ஆண் மருத்துவர்களாகவே இருந்தார்கள். ‘கோஷா’ எனப்பட்ட, அந்நிய ஆண்களின் பார்வையில் படாமல் பெண்கள் திரைக்குள் வாழும் வழக்கமும், சாதிக் கட்டுப்பாடுகளும் அந்த மருத்துவர்களைப் பிரசவ அறையின் வாசலுக்கு வெளியிலேயே நிறுத்தின.

இதற்கு விடை பெண்களுக்கு மருத்துவம் கற்பிப்பதே என்பதைச் சென்னை மாகாணம் ஓரளவு முன்னதாகவே உணர்ந்தது. அறுவை மருத்துவத் தலைமை அதிகாரியாக இருந்த எட்வர்ட் பால்ஃபரின் ஆதரவால் 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரி நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. பிரிட்டனில் பெண்களுக்கென்று லண்டனில் ஒரு மருத்துவப் பள்ளி தொடங்கி ஓராண்டே ஆகியிருந்த காலம் அது. அந்த நால்வரில் ஒருவரான மேரி ஷார்லீப், சென்னையில் படிப்பை முடித்து, பின்னர் லண்டன் பல்கலைக்கழகப் பட்டமும் பெற்றுத் திரும்பி, 1885இல் கோஷாப் பெண்களுக்கான மருத்துவமனை ஒன்று சென்னையில் உருவாக வழிவகுத்தார். திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை என்று அறியப்படுவதும், பழைய தலைமுறையினர் ‘கோஷா ஆஸ்பத்திரி’ என்றே குறிப்பிடுவதும் அந்த மருத்துவமனைதான். அதே ஆண்டில், இந்தியப் பெண்களுக்குப் பெண்களைக் கொண்டே மருத்துவ உதவி கிடைக்கச் செய்யும் நோக்கத்தோடு, வைஸ்ராயின் மனைவி பெயரால் டஃபரின் நிதி என்று அழைக்கப்பட்ட அமைப்பும் தோன்றியது.

ஆயினும் இவை பெருநகரங்களோடு நின்ற முயற்சிகள். சென்னையில் திறந்த கதவின் பயன், தென்னார்க்காடு மாவட்டத்தின் தாலுகா ஊர்களில் ஒன்றாகிய திண்டிவனம் வரை வந்து சேரவில்லை.

திண்டிவனத்தில் ஓர் இரவு

திண்டிவனம் அப்போது அமெரிக்க ஆர்க்காடு மிஷனின் நிலையங்களுள் ஒன்று. 1850களில் இந்த மிஷனை நிறுவிய ஸ்கடர் குடும்பத்துக்குத் தமிழோடு அதற்கும் முந்திய தொடர்பு உண்டு. குடும்பத்தின் மூத்தவரான ஜான் ஸ்கடர், 1819இல் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் மருத்துவப் பணி செய்தவர். அவருடைய மகனும் அதே பெயர் கொண்டவருமான மருத்துவர் திண்டிவனத்தில் பணியாற்றினார். இம்மகனின் மகளே 1870 டிசம்பர் 9 அன்று ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர். பஞ்சத்தையும் வறுமையையும் குழந்தைப் பருவத்திலேயே கண்ட ஐடா, அமெரிக்காவில் பள்ளிப்படிப்பை முடித்து அங்கேயே வாழ்ந்துவிடும் எண்ணத்தோடு இருந்தார். தாயின் உடல்நலக் குறைவே 1890இல் அவரைத் திண்டிவனத்துக்கு அழைத்து வந்தது. சிறிது காலம் உடனிருந்துவிட்டுத் திரும்பிவிடுவதே அவருடைய திட்டம்.

அக்காலத்து ஓர் இரவில் நிகழ்ந்ததை ஐடா பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். அவருடைய வரலாற்றை எழுதியவர்களும் அதையே அவருடைய வாழ்வின் திருப்பமாகக் கொள்கிறார்கள். பிராமணர் ஒருவர், முஸ்லிம் ஒருவர், உயர்சாதி இந்து ஒருவர் என மூன்று இளம் கணவர்கள் அன்றிரவு ஒருவர் பின் ஒருவராக மிஷன் பங்களாவின் கதவைத் தட்டினார்கள். மூவருடைய மனைவியரும் பிரசவத்தில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தனர். மருத்துவரான தந்தை உடனே வரத் தயாராக இருந்தார். அவர் ஆண் என்பதால் மூவருமே அவரை அழைத்துச் செல்ல மறுத்தார்கள். வந்து உதவும்படி ஐடாவைக் கேட்டார்கள். அவருக்கோ மருத்துவம் தெரியாது. மறுநாள் காலையில் விசாரித்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள் என்ற செய்தி கிடைத்தது. மருத்துவம் படித்து இந்தப் பெண்களிடமே திரும்பி வருவது என்று ஐடா முடிவு செய்தது அதற்குப் பின்னரே.

இந்த நிகழ்ச்சி அடிக்கடி சொல்லப்படுவதால் அதன் உட்பொருள் மங்கிப்போவது உண்டு. அன்றிரவு திண்டிவனத்தில் மருத்துவர் இருந்தார், மருந்தும் இருந்தது, அழைத்துச் செல்ல ஆட்களும் வந்திருந்தார்கள். அவ்வளவு இருந்தும் மூவர் இறந்ததற்குக் காரணம், நோயாளி ஏற்றுக்கொள்ளக்கூடிய மருத்துவர் ஒருவர் இல்லாததே. மருத்துவ அறிவு ஓர் ஊரில் இருப்பது வேறு, அது தேவைப்படுவோரைச் சென்றடைவது வேறு என்பதைத் திண்டிவனம் அன்று காட்டியது. இன்னொரு கணக்கும் அந்த இரவில் அடங்கியிருந்தது: ஒரே ஊரில், ஒரே இரவில், மூன்று வீடுகளில் தேவை எழுந்தது. அன்று ஐடா பட்டம் பெற்ற மருத்துவராக இருந்திருந்தாலும் ஒரே நேரத்தில் மூன்று வீடுகளில் இருந்திருக்க முடியாது. இந்தக் கணக்கின் முழுப் பொருள் வேலூரில் பணி தொடங்கிய பின்பே அவருக்கு விளங்கியது.

மருத்துவரிலிருந்து மருத்துவப் பள்ளிக்கு

ஐடா அமெரிக்காவில் பிலடெல்பியாவிலிருந்த பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த ஆனந்திபாய் ஜோஷி 1886இல் பட்டம் பெற்றதும் அதே கல்லூரியில்தான். பின்னர் கார்னெல் பல்கலைக்கழகம் பெண்களுக்கு மருத்துவப் படிப்பைத் திறந்தபோது ஐடா அங்கு மாறி, 1899இல் பட்டம் பெற்றார். நியூயார்க் வங்கியாளர் ஒருவர் தம் மனைவியின் நினைவாக அளித்த 10,000 டாலரோடு 1900இல் தமிழகம் திரும்பிய அவர், வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு சிகிச்சையைத் தொடங்கினார். 1902இல் 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது.

மருத்துவமனை திறந்ததும் கூட்டம் பெருகியது. ஆனால் மருத்துவர் ஒருவரே. கிராமத்துப் பெண்கள் வேலூருக்கு வர முடியாததால், அவரே காரில் புறப்பட்டுக் குடியாத்தம் சாலையில் மரநிழல்களில் நிறுத்தி நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினார். சாலையோர மருத்துவம் என்று பெயர்பெற்ற அந்த முறை, பிற்காலத்தில் வேலூரில் வளர்ந்த சமூக நல மருத்துவத்துக்கு, அதாவது நோயாளி வரும்வரை காத்திராமல் ஊர்களுக்கே சென்று நோயைத் தடுக்கவும் தீர்க்கவும் முனையும் துறைக்கு, முன்னோடியாயிற்று. 1909இல் டெலியா ஹூட்டன் என்ற செவிலியரின் பொறுப்பில் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. முதலில் மருத்துவமனை, பிறகு செவிலியர் பள்ளி, அதன்பின் மருத்துவப் பள்ளி என்ற இந்த வரிசை தற்செயலானது அன்று. தனியொருவர் எவ்வளவு உழைத்தாலும் தேவையில் ஒரு துளியைக்கூடத் தீர்க்க முடியாது என்ற அனுபவமே ஒவ்வொரு கட்டத்தையும் அடுத்த கட்டத்துக்கு நகர்த்தியது.

1918 ஆகஸ்ட் மாதத்தில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வேலூரில் தொடங்கப்பட்டது. மூன்று விண்ணப்பங்கள் வந்தாலே பெரிது என்று அதற்கு முன் சிலர் கருதினார்கள். முதலாண்டிலேயே 151 விண்ணப்பங்கள் வந்தன. அந்தப் பள்ளி அளித்தது எல்.எம்.பி. எனப்படும் தகுதி, பல்கலைக்கழகப் பட்டத்துக்குக் கீழ்ப்பட்டதாயினும், மருத்துவம் பார்ப்பதற்கு அரசு உரிமம் வழங்கிய பட்டயப் படிப்பு அது. ஆங்கிலேயர் காலத்தில் தாலுகா ஊர்களுக்கும் மிஷன் மருத்துவமனைகளுக்கும் மருத்துவர்களைத் தந்ததில் எல்.எம்.பி. படித்தவர்களின் பங்கு பெரிது. பட்டதாரி மருத்துவர்கள் நகரங்களை நாடியபோது சிறிய ஊர்களில் தங்கியவர்கள் இவர்களே. வேலூர்ப் பள்ளி ஒரே ஒரு திருச்சபையின் சொத்தாக இல்லாமல் பல மிஷன்கள் சேர்ந்து நடத்திய கூட்டு நிறுவனமாக இருந்ததும், அதன் நிதியில் பெரும்பகுதியை அமெரிக்கப் பெண்களின் மிஷன் அமைப்புகள் வீடுவீடாகத் திரட்டியதும் கவனிக்கத்தக்கவை. மருத்துவம் படித்த பெண்களும் படிக்காத பெண்களும் சேர்ந்து எழுப்பிய நிறுவனம் அது.

சங்கங்களின் காலம்

வேலூரில் ஒரு பள்ளி உருவான காலத்தில், இந்தியாவிலும் உலகெங்கிலும் பெண் மருத்துவர்கள் தொழில்முறைச் சங்கங்களாக ஒன்றுதிரளத் தொடங்கியிருந்தார்கள். அதற்குத் தேவையும் இருந்தது. தனித்தனி ஊர்களில் பணியாற்றிய பெண் மருத்துவர்களுக்குச் சம்பளம், பதவி உயர்வு, மருத்துவமனை நிர்வாகத்தில் அதிகாரம் ஆகியவற்றில் ஆண்களுக்கு நிகரான நிலை கிடைக்கவில்லை. ஆராய்ச்சி முடிவுகளைப் பகிர்ந்துகொள்ளக் களமும் இல்லை. 1907இல் தோன்றிய இந்தியப் பெண் மருத்துவர் சங்கம் இந்தக் குறைகளை அரசிடம் எடுத்துச் சென்றது. அதன் கோரிக்கைகளும் பங்களித்ததன் விளைவாக 1914இல் பெண்கள் மருத்துவப் பணி என்ற தனிப் பணிப்பிரிவு உருவாயிற்று. விசாகப்பட்டினத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த ஹில்டா லாசரஸ் அப்பணியில் சேர்ந்து உயர்பொறுப்புகள் வகித்து, பின்னாளில் வேலூர்க் கல்லூரியின் முதல் இந்திய இயக்குநரானார். 1919இல் நியூயார்க்கில் சர்வதேசப் பெண் மருத்துவர் சங்கம் அமைந்தது. மகப்பேறு, மகளிர் மருத்துவத் துறையில் அகில இந்திய மாநாடு முதன்முதலாக 1936இல் கூடியதும், அத்துறைச் சங்கங்களின் கூட்டமைப்பு 1950இல் உருவானதும் சென்னையில்தான். ஆண்களும் பெண்களும் சேர்ந்து இயங்கிய இந்த அமைப்பு, பிரசவ மரணங்களை விதியென்று விடாமல் காரணங்களை ஆராய்ந்து தடுக்க வேண்டிய ஒன்றாகக் கருதும் மனப்போக்கை வளர்த்தது.

முத்துலட்சுமி ரெட்டியின் வாழ்வும் சங்கத்தின் வலிமையைக் காட்டும் இன்னொரு சான்று. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்து, ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் இடம்பெற்று, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற அவர், சென்னை சட்டமன்றத்தில் உறுப்பினராகவும் துணைத் தலைவராகவும் இருந்து தேவதாசி முறை ஒழிப்புக்குப் போராடியதை அனைவரும் அறிவர். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அவர், அந்நோய்க்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்று கொண்ட உறுதி, 1917இல் தொடங்கிய இந்திய மாதர் சங்கத்தின் வழியாகவே நிதியும் வடிவமும் பெற்றது. 1954இல் அடையாறில் திறக்கப்பட்ட புற்றுநோய் மருத்துவமனை இன்றும் அச்சங்கத்தின் பெயரைத் தன் பெயரோடு தாங்கியிருக்கிறது. அங்கு 1955இல் சேர்ந்த வி. சாந்தா, 2021இல் மறையும்வரை அதே வளாகத்தில் வாழ்ந்து, ஏழை நோயாளிக்கும் தரமான சிகிச்சை கிடைக்கும் முறையை நிலைநிறுத்தினார். கோரிக்கை வைத்தவர் ஒருவர், நிதி திரட்டியது ஒரு சங்கம், நிறுவனத்தை வளர்த்தவர் அடுத்த தலைமுறை மருத்துவர். இந்தத் தொடர்ச்சி இல்லாமல் அடையாறு மருத்துவமனை இல்லை.

டி.எஸ். சௌந்திரத்தின் பணி கிராமத்தை நோக்கி அமைந்தது. டி.வி. சுந்தரம் அய்யங்காரின் மகளாகப் பிறந்து, இளம் வயதிலேயே கைம்பெண்ணாகி, அதன்பின் மருத்துவம் படித்த அவர், 1947இல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவினார். அங்கு வளர்ந்த கஸ்தூர்பா மருத்துவமனை, தாய் சேய் நலத்தையும் குடும்பநலத்தையும் கிராமப் பணியாளர்களின் பயிற்சியோடு இணைத்தது.

பெண்களுக்கென்று தொடங்கியது பொதுவானபோது

இந்த வரலாற்றில் கருத்து மோதல்களும் உண்டு. 1930களின் இறுதியில் எல்.எம்.பி. படிப்பைக் கைவிட்டுப் பல்கலைக்கழகப் பட்டப்படிப்பை மட்டுமே ஏற்பது என்று சென்னை மாகாண அரசு முடிவெடுத்தபோது, வேலூர்ப் பள்ளி மூடப்படும் நிலை உருவானது. பட்டப்படிப்புக்குத் தேவையான பேராசிரியர்கள், ஆய்வகங்கள், கூடுதல் படுக்கைகள் ஆகியவற்றுக்குப் பெரும் பணம் வேண்டும். ஆண்களையும் சேர்த்துக்கொண்டால் பிற மிஷன்களின் நிதியும் கிடைக்கும் என்பது ஒரு தரப்பு. பெண்களுக்காகத் திரட்டிய பணத்தில், பெண்களுக்காக எழுந்த நிறுவனத்தை ஆண்களுக்குத் திறந்தால் தலைமையும் நாளடைவில் ஆண்களிடமே போய்விடும் என்பது, ஐடாவின் நெடுநாள் தோழியும் நிதி திரட்டியவர்களில் முதன்மையானவருமான லூசி பீபாடியின் தரப்பு. இறுதியில் 1942இல் பெண்களுக்கு எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கியது, 1947இல் ஆண்களும் சேர்க்கப்பட்டார்கள். கல்லூரி பிழைத்தது, உலகப் புகழும் பெற்றது. ஆனால் லூசி எழுப்பிய கேள்வி இன்றும் பொருளுடையதே: மருத்துவ வகுப்புகளில் பெண்கள் நிறைந்திருக்கும்போதும் துறைத் தலைவர், முதல்வர், சங்கத் தலைவர் பதவிகளில் அவர்கள் அதே விகிதத்தில் இருக்கிறார்களா என்று ஒவ்வொரு மாவட்டமும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வேலூரிலும் சென்னையிலும் இயங்கிய பெண் மருத்துவர்களின் பணி பிரசவ அறையோடு நிற்கவில்லை. 1954இல் சாலை விபத்தொன்றில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்ட மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்து, பின் மறுவாழ்வு மருத்துவத்தை வேலூரில் வேரூன்றச் செய்தார். 1986இல் இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று இருப்பதை முதன்முதலாக ஆவணப்படுத்தியவர்கள், சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும். நிர்மலா சென்னையில் திரட்டிய இரத்த மாதிரிகள் சோதிக்கப்பட்டது வேலூரில். குழந்தைகளைத் தாக்கும் ரோட்டா வைரஸ் குறித்த ஆய்வுகளுக்காக அறியப்பட்ட வேலூர்ப் பேராசிரியர் ககன்தீப் காங், 2019இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். காசநோய் ஆராய்ச்சியில் சென்னையில் நெடுங்காலம் பணியாற்றிய சௌம்யா சுவாமிநாதன், கொரோனா காலத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை விஞ்ஞானியாக இருந்தார்.

விழுப்புரத்தின் இன்றைய நிலை

தென்னார்க்காட்டிலிருந்து 1993இல் பிரிந்து விழுப்புரம் தனி மாவட்டமானது. 2010இல் விக்கிரவாண்டிக்கும் விழுப்புரத்துக்கும் இடையே, நெடுஞ்சாலையை ஒட்டிய முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கியது. மருத்துவம் படிக்க ஐடா கடல் கடக்க வேண்டியிருந்தது. அடுத்த தலைமுறைப் பெண்கள் வேலூருக்கோ சென்னைக்கோ போக வேண்டியிருந்தது. இப்போது திண்டிவனத்திலிருந்து ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குள் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வழங்கி 2020இல் தமிழ்நாடு இயற்றிய சட்டம், கூலித் தொழிலாளர் வீட்டுப் பெண்களையும் அந்த வகுப்பறைகளுக்குள் கொண்டுவருகிறது.

இம்மாற்றத்தின் விளைவைத் தாய் இறப்பு விகிதம் காட்டுகிறது. ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு, கர்ப்ப காலத்திலோ பிரசவத்திலோ அதன்பின் 42 நாட்களுக்குள்ளோ அவை சார்ந்த காரணங்களால் எத்தனை தாய்மார் இறக்கிறார்கள் என்பதே இந்த விகிதம். 2018-20 காலத்துக்கான மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் அது 97; தமிழ்நாட்டில் 54. 2019-21இல் நடந்த தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 99 விழுக்காட்டுக்கும் மேல் மருத்துவ நிலையங்களில் நடக்கின்றன. கர்ப்பத்தைப் பதிவு செய்து பின்தொடரும் கிராம சுகாதாரச் செவிலியர், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவும் பகலும் முறைவைத்துப் பணிபுரியும் செவிலியர்கள், சிக்கல் எழுந்தால் ஏற்றிச் செல்லும் 108 ஆம்புலன்ஸ், அறுவை அரங்கும் இரத்த வங்கியும் மயக்க மருந்து நிபுணரும் ஒருங்கே உள்ள ‘சீமாங்’ எனப்படும் அவசரகால மகப்பேறு மையம் ஆகிய நான்கும் ஒரு சங்கிலியாக இணைந்தே இந்த நிலையை உருவாக்கியிருக்கின்றன. ஒரு கண்ணி அறுந்தாலும் தாயின் உயிருக்கு ஆபத்து. கருவுற்ற ஏழைத் தாய்மாருக்கு அரசு வழங்கும் உதவித்தொகைத் திட்டம் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரைத் தாங்கியிருப்பது பொருத்தமானது.

எவ்வாறு கொண்டாடுவது

ஜூலை 1 மருத்துவர் நாளிலும், முத்துலட்சுமி ரெட்டி பிறந்த ஜூலை 30 அன்று தமிழ்நாடு அரசு கொண்டாடும் மருத்துவமனை நாளிலும், மார்ச் 8 மகளிர் நாளிலும் மாவட்ட நகரங்களில் பெண் மருத்துவர்களுக்குப் பொன்னாடையும் நினைவுப் பரிசும் வழங்கப்படுகின்றன. அது நல்ல மரபே. ஆனால் திண்டிவனத்தில் தொடங்கிய வரலாறு உணர்த்தும் பாடத்தின்படி, ஒரு தொழிற்சமூகம் தன் முன்னோரைப் போற்றுவதற்கு இன்னும் பயனுள்ள வழிகள் உள்ளன. எல்.எம்.பி. படித்துச் சிறிய ஊர்களில் வாழ்நாள் முழுவதும் பணியாற்றிய பெண்களின் பெயர்களையும், அவர்களுக்கு முன் பிரசவம் பார்த்த மருத்துவச்சிகளின் அனுபவங்களையும், மூத்த தலைமுறையினர் உயிரோடிருக்கும்போதே மாவட்டந்தோறும் பதிவு செய்வது அவற்றுள் ஒன்று. மருத்துவக் கல்லூரியில் சேரும் முதல் தலைமுறை மாணவிக்கு அனுபவமுள்ள பெண் மருத்துவர் ஒருவரை வழிகாட்டியாக அமர்த்துவதும், திருமணத்துக்கும் மகப்பேற்றுக்கும் பின் பணியைத் தொடர இயலாமல் விலகியவர்களை மேற்படிப்புக்கும் பணிக்கும் திரும்பக் கொண்டுவருவதும் மற்றவை.

எல்லாவற்றுக்கும் மேலானது பணியிடப் பாதுகாப்பு. 2024 ஆகஸ்டில் கொல்கத்தா அரசு மருத்துவமனையொன்றில் பணியிலிருந்த இளம் பெண் மருத்துவர் கொல்லப்பட்டபோது, நாடெங்கும் மருத்துவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். மருத்துவப் பணியாளர் பாதுகாப்பு குறித்து ஆராய உச்ச நீதிமன்றம் தேசியப் பணிக்குழு ஒன்றை அமைத்தது. இரவுப் பணியில் இருப்பவருக்குப் பூட்டக்கூடிய ஓய்வறையும், வெளிச்சமுள்ள நடைபாதையும், காவலும், கழிவறையும் வேண்டும் என்ற எளிய கோரிக்கைகளைப் பெரிய நகரத்துக்கும் சிறிய ஊருக்கும் ஒன்றுபோலப் பெற்றுத்தருவது சங்கங்களின் இன்றைய கடமை. திண்டிவனத்துப் பெண்கள் மூவர் இறந்தது, வர வேண்டிய மருத்துவர் வர முடியாத சமூகச் சூழலால். இன்று பெண் மருத்துவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அச்சமின்றி இரவிலும் பணியாற்றும் சூழலை உறுதிசெய்யாத எந்த விழாவும் அந்த வரலாற்றுக்குச் செய்யும் மரியாதையாகாது.